ஈஸ்டர், அறுபத்தெட்டு

பென்டிரைவைக் கையில் கொடுக்காமல், நெவில் முதலில் டீ போட்டுக் கொடுத்தார். அதிலேயே மெர்லுக்கு விஷயம் சரியில்லை என்று புரிந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் ஹாமில்டனில் கெட்ட செய்தி டீயோடுதான் வரும். டாக்டரானாலும் போலீஸ்காரரானாலும் கெட்டிலில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள்.

பழைய வீட்டுப் படச்சுருள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவது நெவிலின் தொழில். மெர்ல் கொடுத்தது ஒரே சுருள். கணவர் கிளாரி போன குளிர்காலத்தில் இறந்த பிறகு, அவருடைய கொட்டகையில் அகப்பட்டது. டப்பாவின் மேல் அவர் கையெழுத்தில் 'ராஸ், ஈஸ்டர், 68'. அந்த ஈஸ்டர் முடிந்து இரண்டு மாதத்தில் ராஸ் பண்ணைக் குட்டையில் மூழ்கிப்போனான். நாலு வயது. படத்தைப் போட்டுக் காட்டச் சொல்லி அவள் எத்தனையோ தரம் கெஞ்சியிருக்கிறாள். வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்பதற்கு மேல் கிளாரி ஒரு வார்த்தை பேசியதில்லை. கல்நெஞ்சக்காரன் என்று மனதுக்குள் திட்டியபடியே ஐம்பத்தைந்து வருடம் அவருக்குச் சமைத்துப் போட்டாள். பையன் சிரித்தால் எப்படியிருப்பான் என்பது இப்போது அவளுக்கு மறந்தே போய்விட்டது.

"எடுத்து முடிச்ச சுருளும் புதுச் சுருளும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், மெர்ல். கிளாரி அதையே மறுபடியும் கேமராவில மாட்டிட்டாரு. ஆடு மேய்க்கிற நாய்களுக்கு நடக்குமே, அந்தப் போட்டி. அவ்வளவும் பையன் மேலயே விழுந்திருக்கு."

"எந்த மாசம்னு தெரியுதா?"

"வாட்டில் மரம் பூத்திருக்கு. வசந்தம். செப்டம்பரா இருக்கும்."

அந்தக் காலை அவளுக்கு நினைவிருந்தது. பையனைப் புதைத்த மண் காயவில்லை, நாய்ப் போட்டி கேக்குதா என்று அவள் கத்தியதும், அவர் நாயை வண்டியில் ஏற்றியதும்.

"பிரிக்க முடியாதா?"

"பால்ல கலந்த தண்ணி மாதிரிதான். முடியாது."

"சரி, போடு."

திரையில் வெள்ளை ஆடுகள் வெள்ளைப் புல்லில் ஓடின. ராஸ் எங்கோ ஒரு கறையாக அலைந்தான். அவன் வயிற்றுக்குள் புகுந்து ஆடுகள் வெளியே வந்தன. கிளாரி இதைக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பார்த்திருப்பார். சொல்லியிருந்தால் அவரைக் கொன்றிருப்பேன், என்று நினைத்தாள். அது உண்மைதான். அழுகை வரும் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. டீ மட்டும் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது அவர்களுடைய கறுப்பு நாய் ஜெட் கேமராவுக்கு முன்னால் வந்து படுத்தது. திரையில் பாதி கறுத்தது. அந்தக் கறுப்பில் ராஸ் வந்தான். வாயெல்லாம் சாக்லேட். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தான்.

"இருட்டா இருக்கிற எடத்துலதான் பழைய படம் தெரியும்," என்றார் நெவில் மெதுவாக. "இங்க நிறுத்தி ஃபோட்டோவா எடுத்துத் தரட்டுமா?"

"ஃபோட்டோ வீட்ல நெறைய இருக்கு. ஓடட்டும்."

ராஸ் என்னமோ சொன்னான். படத்துக்குச் சத்தம் கிடையாது. போட்டியில் எவரோ விசில் ஊதியிருக்க வேண்டும். ஜெட் காதை நிமிர்த்தியது.

"ஜெட், படு," என்றாள் மெர்ல்.

நாய் எழுந்து ஆடுகளை நோக்கி ஓடியது. அது படுத்திருந்த இடத்தில் வெயில் மட்டும் வெள்ளையாகக் கிடந்தது.