பனையில் குலை தெரிகிறதா

எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் கண் பரிசோதிக்கப் பகவதியப்பன் கம்பவுண்டர் ஒரு வழி வைத்திருந்தார். ஆளை ஜன்னலோரம் நிறுத்தி, வயலுக்கு அப்பால் நிற்கும் பனையைக் காட்டி, குலை தெரிகிறதா என்பார். ஆம் என்றால் பதிவேட்டில் 'பனை தெரியும், குலை தெரியும்.' இல்லை என்றால் 'பனை தெரியும், குலை தெரியாது.' பனையே தெரியாதவர்களுக்கு என்ன எழுதுவார் என்று கேட்காதீர்கள். அவர்களை ஜன்னல்வரை கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாடு.

ஐம்பத்திரண்டாம் வருஷக் காற்றில் அந்தப் பனை விழுந்தது. கம்பவுண்டர் கலங்கவில்லை. பக்கத்துப் பனையைக் காட்டத் தொடங்கினார். அது ஆண்பனை, ஒரு நுங்கு கூடக் காய்க்காதது. அவருக்கு அது எப்படித் தெரியும்? வயல்பக்கம் போகிறவர் இல்லை. தூரத்தில் இருப்பது எதுவும் அவருக்குத் துலங்காது என்று அவர் மனைவி சண்முகவடிவே கிணற்றடியில் சொல்லியிருக்கிறாள்.

இதில் அகப்பட்டவன் பொன்னுலிங்கம். எங்கள் ஊர் வழியாக நாகர்கோவில் – குலசேகரம் பஸ் ஓட்டியவன். டிரைவர்கள் வருஷந்தோறும் கண்ணைக் காட்டி எழுதி வாங்கிவர வேண்டும் என்பது பஸ் முதலாளியின் கண்டிப்பு. பொன்னுலிங்கம் ஜன்னலோரம் நின்று, குலை இல்லை என்றான்.

"உனக்குத் தெரியல்லேன்னு சொல்லு," என்றார் கம்பவுண்டர்.

"குலையே இல்ல ஓய். ஆண்பனையாக்கும் அது."

"கண்ணு தெரியாதவன் எல்லாம் அப்படித்தான் சொல்லுவான்."

எழுதியே விட்டார். முதலாளி வண்டியைப் பிடுங்கி இன்னொரு டிரைவரான ஞானசிங்கிடம் கொடுத்தார். ஞானசிங் விவரமானவன். நாலு குலை தெரிகிறது என்று எண்ணியே சொல்லியிருந்தான். பொன்னுலிங்கத்துக்கு ஷெட்டில் வண்டி கழுவும் வேலை. அவன் மனைவி செல்லத்தாய் தலை நிமிர்ந்து நடப்பதை விட்டாள். ஊர்ப் பெண்கள் நாங்களும் அவளைப் பார்த்த இடத்தில் எல்லாம் நிறுத்தி விசாரிக்காமல் விட்டதில்லை.

ஆறேழு மாதம் கழித்து நேசபாய் என்ற டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். பதிவேட்டைப் புரட்டிவிட்டு, நாளைக்கு இந்தச் சீட்டு நாகர்கோவிலில் ஒரு டாக்டர் கைக்குப் போனால் அவர் இந்தப் பனையை எங்கே போய்ப் பார்ப்பார் என்று கேட்டாராம். கம்பவுண்டர் பதிலை யோசித்தபடியே மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. மூன்று பல் வைத்த சீப்பு போல அதில் கறுப்பு உருவங்கள். மேலே உள்ளங்கை அகலம், கீழே வரவர எள் மாதிரி. அட்டையிலிருந்து ஆறு மீட்டர், நம் கணக்கில் இருபது அடி, நாடா பிடித்து அளந்து தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தார்கள். யாரானாலும் அந்தக் கோட்டில் நிற்க வேண்டும். முதலில் வலது கண், பிறகு இடது கண். சீப்பின் பல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கையைக் காட்டினால் போதும். பழைய பதிவு செல்லாது, எல்லா டிரைவர்களும் திரும்ப வர வேண்டும் என்று முதலாளிக்குச் சொல்லியனுப்பினார் டாக்டர்.

வாசல் கொள்ளாமல் நாங்கள் நின்றோம். பொன்னுலிங்கம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கையைக் காட்டத் தொடங்கினான். மேல், கீழ், இடம், வலம். எங்களுக்கு வெறும் புள்ளியாகத் தெரிந்த கடைசி வரியிலும் கை தடுமாறவில்லை. இரண்டு கண்ணுக்கும் ஆறுக்கு ஆறு என்று எழுதினார் டாக்டர்.

ஞானசிங்கின் கை முதல் சீப்போடு நின்றது. அடுத்த வரிக்கு அந்தரத்தில் தொங்கியது. ஆறுக்கு அறுபது.

அப்படியென்றால் என்ன என்று யாரோ கேட்டார்கள். "நல்ல கண்ணுக்கு அறுபது மீட்டருக்கு அங்கேருந்தே தெரியுறது, இவருக்கு ஆறு மீட்டர் கிட்ட வந்தாத்தான் தெரியும்," என்றார் டாக்டர்.

அந்த வண்டியில் குலசேகரம் வளைவுகளில் போய்வந்த நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

"பழகின ரோடுதானே டாக்டரம்மா," என்றான் ஞானசிங், மெல்லிய குரலில். அவனுக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள்.

முதலாளிக்கு அப்போதும் சந்தேகம். சீட்டை நாகர்கோவிலில் தன் டாக்டரிடம் கொண்டுபோனார். அந்த டாக்டர் எங்கள் ஊரைக் கண்டதில்லை, பொன்னுலிங்கத்தையும் கண்டதில்லை. எந்த ஜன்னல், எந்த மரம் என்று ஒன்றும் கேட்கவில்லை. எண்களை மட்டும் பார்த்துவிட்டு, இவனுக்கு வண்டியைக் கொடும் என்றாராம். செல்லத்தாய் இதை வீடு வீடாக வந்து சொன்னாள். நம்ப முடியாமல் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னோம். ஆளே போகாமல் ஒருவனுடைய பார்வை மட்டும் நாகர்கோவில்வரை போய் வந்திருக்கிறது!

திங்கட்கிழமை பொன்னுலிங்கம் ஸ்டீயரிங்கில் இருந்தான். முன்சீட்டுகளில் நாங்கள். வழக்கமாக ஏறியதும் வாயைத் திறப்பவர்கள், அன்று அவன் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரான ரோட்டில் வண்டி திடீரென்று மெதுவானது. எதிரே ஒன்றையும் காணோம். நிறைய தூரம் உருண்ட பிறகுதான், வாய்க்காலிலிருந்து ஏறிய வாத்துகள் தார் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருப்பது எங்களுக்குத் தெரிந்தது.

"ஏட்டி, இதை அவன் எங்கேருந்து கண்டான்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.