பக்கத்து சீட்டுக்குக் கீழே

1.

இந்தக் கதை ஓர் ஓட்டையிலிருந்து பிறந்தது. ஓட்டையைப் போட்டவன் நான்.

மாமா, அதாவது என் அக்காவின் கணவர், கார் ஷெட்டில் தன் கையாலேயே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்டியிருக்கிறார். இரும்புக் குழாய்ச் சட்டம், மேலே முட்டை ஓடு மாதிரி ஃபைபர் உடம்பு, கூரை கிடையாது, இரண்டே சீட். சக்கரம் வாரியடிக்கும் கல் பட்டு உடம்பு விரிசல் விடக் கூடாதென்று, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்பக்கம் ரப்பர் ஷீட் பொருத்தப் போனார். ‘நான் பண்றேன் மாமா’ என்று ட்ரில்லை வாங்கினேன். உள்ளிருந்து துளைத்தேன். நுனி சிவப்புப் பெயின்ட்டைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து எட்டிப்பார்த்தது.

கைரேகை பட்டாலே ஊதித் துடைக்கிற மனிதர். தொலைந்தேன் என்று நின்றேன். அவர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“பரவால்ல மச்சான். நல்லதாப் போச்சு. இத அடைச்சு, தேய்ச்சு, பெயின்ட் காய எப்படியும் ஒரு மாசம் ஆகும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அக்காவை முதன்முதலாக அதில் ஏற்றிக்கொண்டு போவதாக இருந்தது.

2.

தொடக்கம் ஒன்று: ‘செவ்வந்தி வானின் கீழே அவனுடைய இயந்திரக் குதிரை கனை—’ வேண்டாம். அது கார்.

தொடக்கம் இரண்டு: ‘அவர் ஒரு சுயநலக்கா—’ இதுவும் வேண்டாம். எனக்கு எப்போது கேட்டாலும் கடன் கொடுப்பவர். (கதையின் நேர்மை எதில் அடங்கியிருக்கிறது பாருங்கள்.)

தொடக்கம் மூன்று: பெட்ரோல் மூடியைச் சுற்றி, சிந்துகிற சொட்டு பெயின்ட்டில் படாமலிருக்க, தோலில் ஒரு காலர் உண்டு.*

* அதை அளவெடுத்துத் தைத்தது அக்கா, தன் பழைய கைப்பையை வெட்டி. கதைக்குள் இடமில்லாததால் அவளை இங்கே அடியில் போட்டிருக்கிறேன். அந்த வீட்டிலும் ஏறக்குறைய அதேதான் நடந்தது.

2 (மறுபடியும்).

வண்டி ஓட ஆரம்பித்து நாலு வருடம். மாமா தனியாகப் போகிறார், வருகிறார், துடைக்கிறார். அக்கா ஏறப்போகிறாள் என்றால் மட்டும் வண்டிக்கு உடம்புக்கு வந்துவிடும். ஒருமுறை பக்கத்து சீட்டுக்கு அடியில் துரு பிடிக்காதிருக்க மெழுகு அடித்திருந்தார். ஒருமுறை செருப்பு உரசாமலிருக்கக் கதவோரம் தகடு ஒட்டி, பசை காயவேண்டியிருந்தது. ஒருமுறை ரேடியேட்டருக்கு முன்னால் பூச்சி தடுக்கும் வலை. பூச்சிக்கும் அக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“வலை புதுசு மச்சான். செட்டாகணும்.”

காற்றில் முடி பறக்காமல் கட்டிக்கொள்ள அக்கா ஒரு பட்டுத்துணி வாங்கி வைத்திருந்தாள். இப்போது மாமா அதால் கண்ணாடி துடைக்கிறார். மெத்தென்று இருக்கிறதாம். ஆனாலும் அவள் வாராவாரம் கேட்பதை விடவில்லை: “இந்த ஞாயிறாவது உண்டா?”

3.

கதாசிரியன் என்றால் பாத்திரத்துக்குக் காரணம் வைத்துக் கொடுக்க வேண்டும். வேறொரு பெண் என்று வைத்துப் பார்த்தேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அந்த மனுஷனா? எவ வந்தாலும் மொதல்ல காலக் கழுவிட்டு வரச் சொல்லுவாரு!”

கற்பனை வறண்டதால் வண்டிக்கு அடியில் படுத்தேன். (பொய். ஓட்டையை அடைக்கிற தண்டனை எனக்கு.) அங்கேதான் பார்த்தேன். மாமாவின் சீட்டுக்குக் கீழே வெல்டிங் ஜடை பின்னியது போல ஒரே சீராக இருந்தது. பக்கத்து சீட்டுக்குக் கீழே காக்காய் எச்சம்.

“மாமா, இது ரெண்டும் யாரு பண்ணது?”

அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. அது கொஞ்சம் பின்வாங்கியது.

“நான்தான். கை பழகறதுக்கு அந்தப் பக்கம் மொதல்ல பண்ணேன். பழகினப்புறம் என் பக்கம்.”

“தாங்குமா?”

“மணல் மூட்டைய வச்சு ஓட்டிப் பாத்தேன்.”

“மூட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?”

“மூட்டை மூட்டைதானடா” என்றார். பிறகு, “ஸ்பேனர எங்க வச்சே?”

4.

முடிவுகள்:

அ) அக்கா ஏறுகிறாள். ஒன்றும் ஆகவில்லை. (விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

ஆ) அக்கா ஏறுகிறாள். முதல் வளைவிலேயே அந்த வெல்டிங்— (எழுத மாட்டேன். என் அக்கா.)

இ) மாமா வாயைத் திறந்து அக்காவிடம் சொல்லி— (நம்பும்படி இல்லை.)

‘வாசகரே, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிட்டு நழுவப் பார்த்தேன். பிழை திருத்த அக்காவிடம் கொடுத்தேன். நான் எழுதுவதைக் கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள். கொடுத்த பிறகுதான் புத்தி வந்தது, மாமா நாலு வருடம் மறைத்ததை நான் நாலு பக்கத்தில் போட்டு உடைத்துவிட்டேன் என்று.

5.

சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். வெல்டிங் வந்த இடத்தில் விரல் நின்றது.

“உனக்குப் பயமா இல்லையாக்கா?”

தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினாள்.

“கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, அவரு வெல்டு வைக்கிறப்ப குழாய ஆடாமப் பிடிச்சது யாருன்னு நெனக்கிறே? அந்தப் பக்கம் எவ்ளோ கேவலமா வந்துச்சுன்னு அன்னைக்கே பாத்தவ நான். பாத்துட்டுதான் வாராவாரம் கேக்கறேன். பயம் எனக்கில்ல, அவருக்கு. போய்ச் சொல்லு. மெழுகு தேய்ச்சது போதும், அத வெட்டி எடுத்துட்டு மறுபடி பண்ணட்டும். பழையபடி நானே பிடிச்சுக்கறேன். நீ ட்ரில்லத் தொடாம இருந்தாப் போதும்.”