தனியே திரும்பிய கோடரி

கதிரவன் கல்வராயன் மலைக்குப் பின்னே சாய, அம்மலையின் கரிய நிழல் மரவள்ளிக் கொல்லைகளையும் கோமுகி ஆற்றின் மெலிந்த நீரையும் கடந்து நீண்டு, பெருவிலங்கொன்று கால்நீட்டிப் படுப்பதுபோல் வடக்கனந்தலை அடுத்த அச்சிற்றூரின்மேல் கவிந்த வேளையில், ஊர் முகப்பில் சரக்குந்து ஒன்று உறுமி நின்றது. கற்றறிந்தீர், அவ்வொலி கேட்டு மகிழ்ந்த மகளிர் ஒருவரும் அங்கில்லை.

மாநில எல்லைக்கு அப்பாலுள்ள காட்டில் களவாகச் செம்மரம் வெட்ட ஆளேற்றிச் செல்லும் ஊர்தி அது. போனவருள் சிலர் சிறைப்பட்டனர். சிலர் என்னவாயினர் என்றே தெரியவில்லை. அஃதறிந்தும், வயல்வேலை அற்றுப்போன அவ்வாண்டில் தனசேகரன் புறப்பட்டான். கூரையிடுக்கிலிருந்து தன் குடிக்குரிய கோடரியை உருவினான். பெரும்பஞ்சத்தில் பாலாற்றங்கரையை விட்டுப் பசியோடு நடந்த அவன் முன்னோர், சட்டி பானைகளையும் வழியில் கைவிட்டு, இஃதொன்றையே தோளில் சுமந்து வந்து, முட்புதர் வெட்டி இம்மண்ணில் குடிசை எழுப்பினர். அவன் தந்தை காசிநாதனும் இதனோடுதான் அக்காட்டுக்குப் போனார். உடன்சென்றோர் கோடரியை மட்டும் கொணர்ந்து, தனசேகரனின் தாய் செல்லியம்மாளின் காலடியில் வைத்துத் தலைகுனிந்து அகன்றனர்.

மனைவி மலர்விழி வழிமறித்து அழுதாள். செல்லியம்மாள் அழவில்லை.

"எடுத்துக்கினு போடா. திரும்பி வர்ற வழி அதுக்குத் தெரியும். உனுக்குத் தெரியுமா?"

வெட்டுண்ட மரம்போல் தனசேகரன் வாசலிலேயே அமர்ந்துவிட்டான்.

அப்போது, மணமாகி ஓராண்டும் நிறையாத அண்டைவீட்டு அய்யப்பன் விரைந்து வந்தான்.

"இன்னாண்ணே, நீ வர்லியா? அப்ப அந்தக் கோடாலியக் குடு. என்னுது மொக்கையாக் கீது."

கொடாதே என்று தடுக்கச் செல்லியம்மாளின் நா எழவில்லை. தன் மகன் பிழைத்தான் என்னும் நிறைவு அதனைக் கட்டிவிட்டது. தனசேகரன் கொடுத்தான். புழுதி எழுப்பி ஊர்தி மறைந்தது.

மழைக்காலம் கழிந்தது. சென்றவருள் பலர் மீண்டனர். காட்டில் துரத்தப்பட்டுச் சிதறி ஓடியபோது அய்யப்பனைப் பிரிந்ததாகக் கூறினரேயன்றி, வேறொன்றும் அறிந்திலர். அவன் மனைவி சந்தியா ஒருநாள் செல்லியம்மாளிடம் வந்தாள். அழுதழுது வறண்ட அவள் கண்களில் புதியதோர் ஒளி இருந்தது.

"அத்தே, கோடாலி இன்னும் வூட்டுக்கு வர்லதானே? அப்ப அவரு உசுரோடதான் இருக்காரு."

"ஆமாம்மா," என்றாள் செல்லியம்மாள், அவள் முகம் பார்க்க மாட்டாது.

அன்றுமுதல், வாசலில் காலடி ஓசை எழுந்தபோதெல்லாம், அம்முதியவள் வருவோர் கைகளையே முதற்கண் நோக்கி, அவை வெறுமையாயிருத்தல் கண்டு மூச்சுவிட்டு, அதன் பின்னரே அவர்தம் முகத்தை நிமிர்ந்து பார்க்கலானாள்.