குடும்பத்தோட வாங்க

ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் அந்த நகைச்சுவைக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாடகத்தின் இரண்டாம் பாதியில் ஐந்து நிமிடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். எந்த ஊருக்கு வருகிறார்களோ, அந்த ஊரில் நடந்த ஒரு கூத்தைப் பிடித்து அதில் செருகிவிடுவார்கள்.

பிடிக்கிற வேலை முன்னணி நடிகருடையது. குழுவில் அவர் பெயர் சிரிப்பு மூட்டை. காலையில் ஏணிமேல் நின்று விளக்குகளைத் திருப்பிக்கொண்டிருந்த அரங்கின் விளக்குக்காரரிடம், "அண்ணே, இங்க சிரிக்கிற மாதிரி ஏதாச்சும் நடந்திருக்கா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிய நடிகர் அண்ணே என்றதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. இருபது வருடமாக மற்றவர்கள்மேல் வெளிச்சம் போட்ட மனிதர், தன்மேல் கொஞ்சம் விழுந்ததும் வாயைத் திறந்துவிட்டார்.

சொன்னது தங்கை கணவரைப் பற்றி. அதே அரங்கு வாசலில் டிக்கெட் கிழிப்பவர். காட்சி முடிந்து போகிறவர்களைக் கைகூப்பி, "வந்ததுக்கு நன்றி, அடுத்த தடவை குடும்பத்தோட வாங்க" என்று அனுப்புவார். சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறிப்போயிற்று. போன வருடம் தங்கை இறந்தாள். எல்லாம் முடிந்து, பேயறைந்தாற்போல் வீட்டு வாசலில் நின்றவர், துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பிய வெளியூர்க்காரர்கள் மூவரிடமும் அதையே சொன்னார். விளக்குக்காரர்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். ஊரில் அதை அறிந்தவர்கள் இவர்கள் இருவர் மட்டுமே.

சிரிப்பு மூட்டை சிரித்த சிரிப்பில் ஏணியே ஆடியது. "பேர் மட்டும் சொல்லிடாதீங்க" என்றார் விளக்குக்காரர். அதோடு தன் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார், புண்ணியவான்.

மதியக் காட்சிக்கு எள் போட்டால் எள் விழாத கூட்டம். சிரிப்பு மூட்டை மேடையில் மனைவியைப் பறிகொடுத்தவனாக நின்று, கைகூப்பி, தலையைச் சாய்த்து, அந்த வாசகத்தைச் சொன்னார். பேர் எதற்கு? அத்தனை பேரும் ஒவ்வொரு தடவையும் அந்த வாசலில் அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தானே. திரும்பித் திரும்பிப் பின்கதவைப் பார்த்துச் சிரித்தார்கள். கதவோரம் மாப்பிள்ளை நின்றிருந்தார், பக்கத்தில் அவர் மகள்.

மேலே விளக்கறையில் இவருக்கு உடம்பெல்லாம் கூசியது. விளக்கை அணைத்துவிடலாமா என்று கை பொத்தானுக்குப் போனது. தொழில் சுத்தம் முக்கியம் என்று சொல்லிக்கொண்டு கையை எடுத்துக்கொண்டார். தொழில் சுத்தமும் இல்லை, மண்ணும் இல்லை. வெறும் பயம்.

காட்சி முடிந்து பாதிப் படி இறங்கியவர் அங்கேயே நின்றார். வாசலில் நடந்தது காதில் விழுந்தது. வெளியே போன சிலர், மாப்பிள்ளை சொல்ல வேண்டியதை மாப்பிள்ளைக்கே சொல்லிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் வடிந்த பிறகு இறங்கினார். மகளின் குரல் கேட்டது.

"அம்மா செத்தத வெச்சுச் சிரிக்கச் சொல்லி யாருப்பா இவங்களுக்குச் சொன்னது?"

"நான்தாம்மா. காலைல கேட்டாங்க, வாய்தவறிச் சொல்லிட்டேன்."

விளக்குக்காரர் கடைசிப் படியில் அப்படியே நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவர் தன்மேல் போட்டுக்கொண்டார். காலில் விழுந்தாலும் தீராது என்று இவருக்குத் தோன்றியது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இவர் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்களாச்சும் வேணாம்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சொன்னேன்மா" என்றார்.

தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். மாப்பிள்ளை ஒருமுறை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மகளின் தோளில் கைவைத்தார்.

"ஆமாம்மா, மச்சான் சொன்னாரு. நான்தான் கேக்கல."