எவரிஸ்டோவின் வாய்ப்பூட்டு

ஞோக்கியிடம் ஒரு குறையும் கிடையாது. பக்கத்தில் ஊன்றுகோல் தடாலென்று விழுந்தாலும் காதை மட்டும் அசைக்கும். காலடியில் இறைச்சித் துண்டு கிடந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். யாராவது முகம் வாடி உட்கார்ந்திருந்தால் போய் மடியில் தலையை வைத்துவிட்டு அப்படியே கிடக்கும். நோயாளிகளுக்கு ஆறுதல் தரும் நாய்க்கு அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

குறையெல்லாம் கயிற்றின் மறுமுனையில் இருந்தது. அந்த முனையைப் பிடித்திருந்தவர் எவரிஸ்டோ.

அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகையைத் தலைக்கு மேல் மாட்டிக்கொண்டு பயணிகளின் காதைக் குடைந்தவர். ஓய்வு பெற்றதும், ஆறுதல் நாய்களை வளர்க்கும் ஒரு சங்கத்தில் நாய் பழக்க வந்துவிட்டார். பொறுமைக்குக் குறைவில்லை. நாய் கொட்டாவி விட்டால் அது தூக்கமா பதற்றமா என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். அது வேண்டாமென்று பின்வாங்கினால் ஒருநாளும் கயிற்றை இழுக்க மாட்டார். வாய் ஒன்றுதான் அவருக்கு அடங்காது.

பஸ் டிப்போவில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடித்த நாட்களிலும் இதே கூத்துதான். எல்லோருக்கும் ஒரே சுரைக்குடுக்கை, ஒரே குழல். குடித்து முடித்து, ஊற்றுகிறவரிடம் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தவருக்குக் கிடைக்கும். எவரிஸ்டோ கைக்குப் போன குடுக்கையோ அவர் கதை முடியும்வரை திரும்பாது. குடுக்கையை விடாதவர்களை ஊரே கேட்கும் கிண்டலை டிப்போவே சேர்ந்து கத்தும்: “யோவ், அது மைக் இல்லய்யா! இந்தப் பக்கம் தள்ளு!”

நாயும் பழக்குபவரும் சேர்ந்தே தேற வேண்டிய முதல் தேர்வில், கால் ஒடிந்து படுத்திருந்த ஒரு அம்மாவுக்குத் தன் பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாக ஒப்பித்தார். இரண்டாவது தேர்வில், தான் நாயைப் பழக்கிய விதத்தை விளக்கி நோயாளியையும் நாயையும் சேர்த்தே தூங்கவைத்தார்.

“நாய் பாஸ். நீங்கதான் ஃபெயில்” என்றார் தேர்வு வைத்த டாக்டர் சுல்மா, இரண்டு முறையும்.

மூன்றாவதுதான் கடைசி. ஞோக்கி சங்கத்துக்குச் சொந்தமான நாய். இதிலும் கோட்டைவிட்டால் அதை வேறொரு பயிற்சியாளரிடம் கொடுத்துவிடுவார்கள். குட்டியாக வந்து அவருடைய செருப்பு மூன்று ஜோடியைத் தின்று வளர்ந்த நாய் அது. அன்று காலை அதன் முடியை எவரிஸ்டோ இரண்டு முறை சீவிவிட்டார்.

முதியோர் இல்லத்தின் முற்றத்தில் டாக்டர் சுல்மா வெந்நீர்ப் பிளாஸ்க்கோடு காத்திருந்தார்.

“அங்க உக்காந்திருக்கிறவர் அன்செல்மோ. ரயில் நிலைய வாசல்ல நாப்பது வருஷம் கத்திக் கத்திப் பேப்பர் வித்தவரு. சம்சாரம் போயி எட்டு மாசமாச்சு. அன்னிலேர்ந்து ஒரு வார்த்தை பேசல.”

“அவ்வளவுதானே டாக்டரம்மா? நான் பேசவெச்சுக் காட்டறேன்!”

“அதான் வேணாங்கறேன். பத்து நிமிஷம் நீங்க வாயத் தெறக்கக் கூடாது. ஞோக்கி பாத்துக்கும்.”

டாக்டர் முதல் மாத்தேயை ஊற்றி எவரிஸ்டோவிடம் நீட்டினார். எவரிஸ்டோ குழலைக் கடித்துக்கொண்டார். குழல் வாயில் இருக்கும்வரை பேச்சு வராது என்பது அவர் கணக்கு. ஞோக்கி பெரியவரின் மடியில் தலையை வைத்தது.

குடுக்கை ஒரே நிமிடத்தில் காலியானது. எவரிஸ்டோ விடவில்லை. வெறும் குழலை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கொர்ர், கொர்ர். நான்காவது நிமிடத்தில் பெரியவரின் விரல்கள் நாயின் காதைத் தேடிப் போயின. அந்தக் காதைப் பற்றி அருமையான ஒரு கதை எவரிஸ்டோவின் நாக்கு நுனிவரை வந்தது. குழலை இன்னும் அழுத்திக் கடித்தார். கொர்ர்.

எட்டாவது நிமிடம். அன்செல்மோ தலையைத் தூக்கினார்.

“யோவ்,” குரல் துருப்பிடித்திருந்தது. “அது மைக் இல்லய்யா. எவ்வளவு நேரந்தான் வெச்சிருப்ப?”

எவரிஸ்டோவின் நெஞ்சுக்குள் நூறு பேர் கைதட்டினார்கள். ஆனால் அவர் மூச்சுக்கூட விடாமல் குடுக்கையை டாக்டரிடம் நீட்டினார்.

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாயிடம் குனிந்தார். “ஊமையா உங்காளு? அடப் பாவமே.” தனக்கு வந்த மாத்தேயை ஒரு வாய் உறிஞ்சினார். “என் எர்மீனியாவும் இப்படித்தான். அதிகம் பேச மாட்டா. நான் கத்திட்டு வீட்டுக்கு வந்தா, அன்னிக்கு நடந்ததையெல்லாம் கேட்டுக்கிட்டே உக்காந்திருப்பா. இப்ப யாரு இருக்கா கேக்க?”

ஞோக்கி வாலை ஒருமுறை ஆட்டியது. அவர் தொடர்ந்தார். எர்மீனியா மழைநாளில் பேப்பர் கட்டுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டு நனைந்து நின்றதைச் சொன்னார். குடுக்கையோ அவர் கையிலேயே இருந்தது. யாரும் திருப்பிக் கேட்கவில்லை. எவரிஸ்டோ கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

டாக்டர் சுல்மா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

“எவரிஸ்டோ, பாஸ்,” என்று காதோரம் கிசுகிசுத்தார். “இனி நீங்க பேசலாம்.”

எவரிஸ்டோ உதட்டில் விரலை வைத்து, டாக்டரைப் பார்த்து முறைத்தார்.

“உஷ்!”