குமுதாவிடம் சொன்னது

ஈப்போவிலிருந்து பீடோருக்குப் போகும் வழியில், தாப்பா ஓய்விடத்தில் தர்மேந்திரன் காரை நிறுத்தினான். மழை கொட்டிக்கொண்டிருந்தது. வைப்பரின் சத்தம் நின்ற பிறகுதான் அவனுக்குப் பேச்சே வந்தது.

"குமுதா, எனக்கு ஆட்டிசம் இருக்கு. பொறந்ததுலேர்ந்தே இருக்காம். போன வாரம் டாக்டர் சொன்னாங்க."

முப்பத்தொன்பது வயது அவனுக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டும் வேலை. மனைவி குமுதாவிடம்கூடச் சொல்லாமல் மூன்று முறை பரிசோதனைக்குப் போய் வந்திருந்தான்.

"அது சின்னப் புள்ளைங்களுக்கு உள்ளது இல்லையா?" என்றாள் குமுதா.

"அந்தப் புள்ளைங்க வளந்தா என்னய மாதிரிதான் ஆவாங்க."

அவள் பேசவில்லை. அவளுடைய மௌனம் அவனுக்கு எப்போதும் பிடிபடாது. கல்யாணமாகி ஆறு வருடமாக ஊகித்து ஊகித்துத் தப்பாகவே போயிருக்கிறது. இன்று கேட்டுவிட்டான்.

"இப்ப கோவமா, வருத்தமா? எனக்குத் தெரியல."

"அப்பா செத்தன்னிக்கு எல்லாரும் அழுதாங்க. நீங்க வாசல்ல செருப்ப ஜோடி ஜோடியா அடுக்கிக்கிட்டு இருந்தீங்க. சொந்தக்காரங்க சிரிச்சாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

ஒரு வருடமாக அவள் வாய் திறக்காத பேச்சு அது. அவள் அப்பா ஐயாவு, மாப்பிள்ளை வந்தால் டிவியின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பூப்பந்து ஆட்டம் போடுவார். இருவரும் மணிக்கணக்கில் பேசாமல் பார்ப்பார்கள். அந்த வீட்டில் தர்மேந்திரன் நிம்மதியாக உட்கார்ந்தது அவர் பக்கத்தில் மட்டும்தான்.

"உள்ள மேளம், ஒப்பாரி, ஊதுபத்தி வாசன. ஆளாளுக்குக் கட்டிப் பிடிச்சாங்க. எல்லாம் ஒன்னா தலைக்குள்ள கத்துற மாதிரி இருந்துச்சு. மாமா இல்லன்னு நெனச்சா கை நடுங்குச்சு. அடுக்குனா நின்னுச்சு. வந்தவங்க போறப்ப செருப்பத் தேடக் கூடாதுன்னும் தோணுச்சு. என்னால அவ்வளவுதான் முடிஞ்சுது. மூனு மாசம் கழிச்சு, கடை டிவியில பூப்பந்து ஓடுனப்ப அழுதேன். முதலாளி வீட்டுக்கு அனுப்பிட்டாரு."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீ கேக்கல."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "சரி, போலாம். அப்பா திதிக்கு ஐயர் வந்திருப்பாரு."

ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தின் ஓரத்தில் இருந்தது அவள் அப்பா வீடு. வாசலிலேயே சித்தப்பா கார்த்திகேசு பிடித்துக்கொண்டார். "என்ன மாப்ள, இன்னிக்கும் செருப்பு அடுக்கப் போறீங்களா?"

நாலு பேர் சிரித்தார்கள். தர்மேந்திரன் தரையைப் பார்த்தான்.

"சிரிக்காதீங்க சித்தப்பா," என்றாள் குமுதா. "அவரு அப்பாவுக்காகத்தான் அதச் செஞ்சாரு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

"சும்மா சொன்னேன் லா," என்று அவர் நகர்ந்துவிட்டார்.

மணி அடிக்கத் தொடங்கியதும், "நான் பின்னால இருக்கேன்," என்று தர்மேந்திரன் சொன்னான். வழக்கமாகச் சொல்லாமல் நழுவிவிடுவான். அவள் தலையசைத்தாள்.

பூசை முடிந்து அவள் பின்கட்டுக்கு வந்தபோது கண் சிவந்திருந்தது. அவன் எழுந்து நின்றான்.

"நீ அழுதா நான் என்ன செய்யணும்?"

"ஒன்னும் செய்ய வேணாம். பக்கத்துல உக்காருங்க, போதும்."

அவ்வளவுதானா என்றிருந்தது அவனுக்கு. ஏதோ பெரிய பரீட்சை என்றல்லவா இத்தனை நாளும் பயந்திருந்தான்! படிக்கட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அழுது முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.