வஞ்சிமேட்டின் கடைசிச் சீட்டு

பழவேற்காட்டு ஏரியில் வலை கட்ட வலை மட்டும் இருந்தால் போதாது, பாடு இருக்க வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில், எந்தக் குப்பம் வலை கட்டலாம் என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் வாசலில் சீட்டுக் குலுக்குவார்கள். கல்யாணமானவன்தான் பங்காளி, அவனே நேரில் வந்து உட்கார வேண்டும். பத்துப் பங்காளிகள் உட்காராத ஊருக்குச் சீட்டே கிடையாது.

இது மணவாளனுக்குத் தெரியாததா? பதினெட்டுப் பங்காளிகள் உள்ள வஞ்சிமேட்டுக்குத் தலைவரே அவர்தான். ஆனாலும் 1968இல் பதினாலு பேரைக் கப்பலேற்றி அந்தமானுக்கு அனுப்பினார். அங்கே மீன் கொட்டிக் கிடக்கிறதாம். கருவாடு போட்டு மெட்ராஸுக்கு அனுப்பினால், வஞ்சிமேடு பொன்னேரிச் சந்தையையே விலை பேசுமாம்!

"கல்யாணம் ஆவாத பசங்கள அனுப்பக்கூடாதா?" என்று கேட்டாள் மனைவி குணசுந்தரி.

"பங்கு இருக்கிறவன் போனாத்தான் லாபத்துல பங்கு. அதாம்மே நம்ம வழக்கம்" என்று அவள் வாயை அடைத்தார். ஏரியின் வழக்கத்தைக் கடல் தாண்டியும் தூக்கிக்கொண்டு போன மகராசன்.

தீவில் மழை விடவே இல்லை. விரித்த மீனெல்லாம் காயாமல் புழுத்தது. பிறகு காய்ச்சல் வந்தது. ஐந்து பேர்தான் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். ஒன்பது பேரை அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

ஊரில் இருந்த நாலு பேரோடு சேர்த்தால் ஒன்பது. ஒரு ஆள் குறைகிறது. யாராவது ஒரு பையனுக்கு அவசரமாகத் தாலி கட்ட வைக்கலாமென்றால், ஒன்பது சாவு விழுந்த ஊரில் அந்த வருஷம் மேளம் கொட்ட முடியுமா? மணவாளனுக்குத் தூக்கம் போயிற்று.

சீட்டு நாளன்று, குலுக்கலை நடத்தும் பெரியகுப்பத்துத் தலைவர் ஆதிநாராயணன் தலைகளை எண்ணினார்.

"ஒம்போது பேருதான் கீறீங்கோ, மணவாளா."

"தீவுல செத்த சுப்பிரமணி எடத்துல அவன் பொண்டாட்டி பூவம்மா உட்காரட்டும் நைனா. ஒரு வருசம் மட்டும்."

"பொம்பள உட்கார்ந்த வழக்கம் உண்டா? வழக்கத்த நீயே எத்தினி தபா பேசிக்கினு இருந்தே!" ஆதிநாராயணனின் குரலில் கோபம்கூட இல்லை. "பட்டினி கெடக்கச் சொல்லல. எங்க ஊரு ஆளுங்களா உட்காருங்க. வஞ்சிமேட்டுக்கு இனிமே தனிப் பஞ்சாயத்தும் வேணாம், தலைவரும் வேணாம்."

மணவாளன் திரும்பிப் பார்த்தார். தீவிலிருந்து வந்த ஐவரும் தலையைத் தொங்கப்போட்டு நின்றார்கள். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. மணவாளனே முதல் ஆளாகப் போய்ச் சீட்டுக் குடத்தின் முன்னால் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு?" என்று முறைப்படி கேட்டார்கள்.

"பெரியகுப்பம்."

பெண்கள் கூட்டத்திலிருந்து பூவம்மாளின் குரல் வந்தது. அவள் அழவில்லை.

"அப்போ எம் புருசன் எந்த ஊருக்காவ செத்தான், மாமா?"

மணவாளன் குடத்துக்குள் கையை விட்டுச் சீட்டை எடுத்தார். நல்ல இடம்தான் விழுந்திருந்தது.